நெல்லையில் ஒரு என்கிரிப்ஷன் கையேடு தொகுத்த அனுபவம்

பாளையங்கோட்டையில் வக்கீல் தொழில் பார்க்கும் நண்பர்கள் சிலரும் வண்ணார்பேட்டையில் ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருக்கும் ஒருவரும் கேட்டதில் தொடங்கிய வேலை இது. கட்சிக்காரரின் ஆதார் நகல், சொத்துப் பத்திரம், ஜீவனாம்ச வழக்கின் மனு எல்லாம் இன்று போனிலும் லேப்டாப்பிலும்தான் கிடக்கின்றன. "அண்ணாச்சி, எதை நம்பி வைக்கலாம்னு ஒரே இடத்துல எழுதித் தாங்களேன்" என்றார் ஒரு ஜூனியர். கம்ப்யூட்டர் சர்வீஸ் என் தொழில். சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி கோப்பையும் செய்தியையும் பூட்டும் என்கிரிப்ஷன் மென்பொருள்களுக்கு ஒரு கையேடு எழுதித் தரத் தயங்காமல் ஒத்துக்கொண்டேன்.

ஏற்கெனவே யாராவது இப்படித் தொகுத்திருக்கிறார்களா என்று தேடினேன். 2016இல் அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையர் இன்னும் இருவரோடு சேர்ந்து உலகம் முழுவதற்கும் என்கிரிப்ஷன் தயாரிப்புகளின் ஒரு கணக்கெடுப்பு வெளியிட்டிருக்கிறார். 55 நாடுகள், 865 தயாரிப்புகள். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவுக்கு வெளியே உருவானவை. ஒரு நாட்டு அரசு, தான் திறந்து பார்க்க ஒரு பின்வாசல் வைக்கச் சொன்னால் மக்கள் வேறு நாட்டுத் தயாரிப்புக்கு மாறிவிடலாம் என்று காட்ட அந்த எண்ணிக்கை தேவைப்பட்டது. என் தேவை வேறு. அம்பாசமுத்திரத்தில் தனியாக ஆபீஸ் நடத்தும் ஒரு வக்கீல் இன்று ராத்திரியே போட்டுக்கொள்ளும்படி எது இருக்கிறது?

விற்பவர்கள் சொல்வதை அப்படியே எழுதி வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. ‘256 பிட் ஏஇஎஸ்’, ‘மிலிட்டரி கிரேடு’. ஏஇஎஸ் என்பது பூட்டும் கணக்குமுறை, 2001இலிருந்து அமெரிக்க அரசின் பொதுத் தரம். கோப்புகளைச் சுருக்க இலவசமாகக் கிடைக்கும் 7-ஜிப்பிலும் அதேதான். அதை வைத்து ஒன்றையும் பிரித்தறிய முடியாது. அதனால் முதல் கேள்வியையே மாற்றினேன்: சாவி யார் கையில் இருக்கிறது? அப்புறம் மென்பொருளின் மூல நிரல் (சோர்ஸ் கோடு) வெளியே தெரிகிறதா, வெளியாட்கள் சோதித்திருக்கிறார்களா, கடைசி அப்டேட் எப்போது, தயாரித்தவர் கடையைச் சாத்திவிட்டால் நம் கோப்பு திரும்பக் கிடைக்குமா. இந்தக் கேள்விகளைப் போட்டதும் பட்டியல் மளமளவென்று சுருங்கியது.

அதிக நேரம் பிடித்தது மெசேஜ் செயலிகள்தான். அவற்றைப் பற்றி எல்லோரும் முன்கூட்டியே ஒரு முடிவோடு இருந்தார்கள். டெலிகிராம்தான் பாதுகாப்பு என்று பலர் நம்பினார்கள். 2 ஜிபி வரை கோப்பு போகிறது என்பதால் வழக்குக் கட்டையே குரூப்பில் போட்டு வைத்திருந்தார்கள். ஆனால் அதன் சாதாரண அரட்டைக்கான சாவி நிறுவனத்திடம் இருக்கிறது. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே திறக்கக்கூடிய என்கிரிப்ஷன் ரகசிய அரட்டையில் மட்டும்தான் உண்டு, குரூப்புக்கு அது கிடையவே கிடையாது. வாட்ஸ்அப்பில் 2016இலிருந்து எல்லா உரையாடலுக்கும் அது இருக்கிறது, சிக்னல் என்ற இன்னொரு மெசேஜ் செயலியின் நெறிமுறையை வைத்துத்தான். ஓட்டை இருப்பது பேக்கப்பில். கூகுள் டிரைவுக்குப் போகும் நகலைப் பூட்ட வேண்டுமானால் செட்டிங்ஸில் நாமே போய்ப் போட வேண்டும்; அந்த வசதியே 2021இல்தான் வந்தது. இதைச் சொன்னதும் உட்கார்ந்த இடத்திலேயே ஒவ்வொருவராகப் போனை எடுத்து மாற்றினார்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் நிறைவு தந்த நேரம் அதுதான்.

கையேட்டில் சிக்னலை முதலாவதாக வைத்தேன். பதிவு செய்ய போன் நம்பர் வேண்டும் என்றாலும் 2024இலிருந்து யூசர்நேம் வைத்துக்கொண்டு நம்பரைக் காட்டாமல் பேசலாம். குடும்ப வழக்குக்காக வரும் பெண்களுக்கு இது பெரிய விஷயம். தன் நம்பர் யார் யார் கைக்குப் போகுமோ என்ற பயத்திலேயே பாதிப் பேர் பேசத் தயங்குகிறார்கள்.

கோப்புகளைப் பூட்டும் மென்பொருளில் வெராகிரிப்ட்டைச் சேர்த்தேன். இங்கே ஒரு பழைய சிக்கல் வந்தது. அதன் முன்னோடியான, 2014 மே மாதத்தோடு நின்றுபோன ட்ரூகிரிப்ட்டில் பூட்டிய கோப்புகள் ஆடிட்டர் ஆபீஸில் இன்னும் இருந்தன. வெராகிரிப்ட்டின் புதிய பதிப்புகள் அவற்றைத் திறக்காது. 1.25.9 பதிப்பு திறக்கும். அதை வைத்துத் திறந்து, புதிதாக உருவாக்கிய பெட்டிக்கு எல்லாவற்றையும் மாற்றினோம். அந்த வழிமுறையைக் கையேட்டில் தனிப் பக்கமாகவே போட்டேன். விண்டோஸ் ஹோம் பதிப்பில், டிஸ்க் முழுவதையும் பூட்டும் பிட்லாக்கர் முழுமையாகக் கிடையாது. சில லேப்டாப்புகளில் அதன் எளிய வடிவமான டிவைஸ் என்கிரிப்ஷன் தானாக இயங்கும், ஆனால் அதன் 48 இலக்க மீட்புச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆபீஸில் வேலை பார்த்த பையனின் கணக்கில் சாவி இருந்து, அவன் வேலையை விட்டுப் போய்விட்டால் என்ன செய்வது? அச்செடுத்து இரும்பு பீரோவில் வையுங்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

பூட்டு உள்ள பென் டிரைவ் விற்கும் ஒருவர் "ஃபிப்ஸ் எல்லாம் இருக்கு சார்" என்றார். ஃபிப்ஸ் 140 என்பது பூட்டும் கருவிகளுக்கான அமெரிக்க அரசுத் தரம். அந்தச் சான்று உண்மையில் கிடைத்திருந்தால் அதற்கு ஒரு நம்பர் உண்டு. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் நிறுவனத்தின் பொதுப் பட்டியலில் யாரும் தேடிப் பார்க்கலாம். ‘தரத்துக்கு ஏற்றது’ என்று அட்டையில் அச்சடித்துக்கொள்ள எந்தச் சோதனையும் தேவையில்லை. நம்பர் கேட்டேன். "கம்பெனில கேட்டுச் சொல்லுதேன்" என்றார். பதில் வரவில்லை, அந்தச் சரக்கைச் சேர்க்கவும் இல்லை.

இணையத்தில் போய்வரும் தகவலைப் பூட்டி அனுப்பும் விபிஎன் பகுதியைச் சுருக்கமாகவே முடித்தேன். 2022இல் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் நிறுவனங்களை வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்கச் சொன்ன பிறகு சில நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. ஆபீஸுக்கும் வீட்டுக்கும் இடையே ஒயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளைச் சொந்தமாகப் போட்டுக்கொள்வதே இவர்களுக்குப் போதும்.

ஒவ்வொரு பதிவுக்குக் கீழேயும் சரிபார்த்த தேதி இருக்கிறது. தேதி பழசானால் அதை நம்ப வேண்டாம் என்று முன்பக்கத்திலேயே சொல்லிவிட்டேன். பென் டிரைவ் பக்கத்தைச் சீக்கிரம் மாற்றியாக வேண்டும்: ஃபிப்ஸ் தரத்தின் முந்தைய பதிப்பான 140-2 சான்றுகள் 2026 செப்டம்பர் 21ஓடு பழைய பட்டியலுக்குப் போகின்றன, அதற்குள் புதிய பதிப்பான 140-3 சான்று உள்ளவற்றைத் தேடிச் சேர்க்க வேண்டும்.