சேதப் படிவத்தில் ஏறாத கிழங்கு

அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் தோட்டக்கலைக் களப்பணியில் இருந்தபோது பயிர்ச் சேதம் எழுதுவதும் என் வேலைதான். பூச்சி, நோய், வறட்சி, வெள்ளம் என்று காரணம் கேட்பார்கள். மரவள்ளியில் நான் பார்த்த நஷ்டத்தில் நிறைய, இந்த நான்கிலும் சேராது.

பூச்சியைச் சாதாரணம் என்று சொல்லவில்லை. 2020-ல் கேரளத்தில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி சேலம், நாமக்கல், தருமபுரி என்று வேகமாகப் பரவியது. குருத்து சுருண்டு, கணு நெருங்கி, செடி வளராமல் நின்றுவிடும். அதை அழிக்க, பெனின் நாட்டிலிருந்து தருவித்த அனகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியை 2022-ல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் திறந்துவிட்டார்கள். தேமல் நோய் அதைவிடப் பழைய தொல்லை. வெள்ளை ஈ பரப்புகிறது என்போம். தேமல் பிடித்த கொல்லையிலிருந்தே விதைக்குச்சி வாங்கி நட்டு நாமும் பரப்புகிறோம். இதற்கெல்லாம் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறோம். கிழங்கு பிடுங்குவதைப் பற்றிக் கூட்டம் போட்டதாக எனக்கு நினைவில்லை.

ஜவ்வரிசி ஆலையில் மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் பார்த்துத்தான் விலை. விலை சரிந்தால் விவசாயி பிடுங்காமல் விட்டுவைப்பார். நெல்லுக்கு இல்லாத வசதி இது, மண்ணே கிடங்கு. ஆனால் அந்தக் கிடங்குக்கும் வாடகை உண்டு. நாள் கடந்தால் கிழங்கில் நார் ஏறும், எலி குடையும், காட்டை ஒட்டிய கொல்லை என்றால் பன்றி தோண்டும். தண்ணீர் நின்றால் அழுகல். இதில் கொடுமை, நல்ல மழையும் நஷ்டம்தான். வெயிலில் இலை கொட்டி நின்ற செடி, மழை விழுந்ததும் துளிர்க்கக் கிழங்கிலிருக்கும் மாவை இழுத்துக்கொள்ளும். பாயிண்ட் இறங்கிவிடும். "மழ பேஞ்சா ஊரே சந்தோசப்படுது, எனக்கு மட்டும் வயித்தக் கலக்குதுங்க சார்" என்றார் ஓர் அம்மா. அந்த வருஷம் அவர் விலைக்காகக் காத்திருந்தார்.

பிடுங்கும் நாள் இன்னொரு கதை. செம்மண் காய்ந்து இறுகிக் கிடக்கும்போது இழுத்தால் கிழங்கு பாதியில் ஒடியும், நுனி மண்ணுக்குள் நின்றுவிடும். கூலி டன் கணக்கில். அந்த நுனியைத் தோண்டும் நேரத்தில் அடுத்த செடியைப் பிடுங்கிவிடலாம் என்று ஆட்கள் நினைத்தால் அவர்கள் கணக்கு சரிதான். லாரி போன பிறகு பையோடு கிழங்கு பொறுக்க வரும் பெண்களைப் பார்த்தாலே எவ்வளவு விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். எந்த அறிக்கையையும்விட நான் அந்தப் பைகளை நம்புவேன்.

ஒடிந்தும் தோல் உரிந்தும் போன கிழங்கு இரண்டு மூன்று நாள்கூடத் தாங்காது. வெட்டிப் பார்த்தால் நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடியிருக்கும். பூஞ்சை வருவதற்கு முன்பே, காயம் பட்ட கிழங்கு தானாகவே இப்படிக் கெட ஆரம்பிக்கிறது. இந்த நிலையில் லாரி ஒரு நாள் தள்ளிப்போய், ஆலை வாசலில் இன்னொரு நாள் வரிசையில் நின்றால், குறையும் பணம் விவசாயியின் பணம். குவியல்மேல் மரவள்ளித் தழையைப் போட்டு நிழல் காட்டுவதைத் தவிர அவர் செய்யக்கூடியது அதிகமில்லை.

முன்கூட்டி லேசாகத் தண்ணீர் விட்டு மண்ணை இளக்குவது, கிழங்கின் கழுத்தில் கொஞ்சம் காம்பு விட்டு வெட்டுவது எல்லாம் விவசாயிகளுக்கே தெரியும். சிக்கல் ஆளும் லாரியும் ஒரே நாளில் அமைவதில்தான். பென்னாகரம் பக்கம் ஒருவர், லாரி ஓட்டுநர் கிளம்பிவிட்டேன் என்று போனில் சொன்ன பிறகுதான் ஆட்களைக் கொல்லையில் இறக்குவார். கிழங்கு வீணாவது குறைந்தது. ஆட்கள் சண்டைக்கு வந்தார்கள், சும்மா உட்கார்ந்திருந்த நாளுக்கு யார் கூலி தருவது என்று. இப்போது அரைக்கூலிக்குப் பேசி வைத்திருக்கிறார்.