அசிமத் ஸ்க்ரூவும் ஒரு கிடார் முன்னிசையும்

'என் இனிய பொன் நிலாவே' ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டது. 1980-இல் 'மூடுபனி' படத்துக்காக இளையராஜா போட்ட அந்தத் தொடக்கக் கிடார், என் கேசட்டில் இத்தனை காலமும் போர்வைக்குள் உட்கார்ந்து வாசித்ததுபோல் மந்தமாகவே கேட்டது. இப்போது ஒவ்வொரு மீட்டலும் தனித்தனியாக விழுகிறது. கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைப்பது, அதில் தங்கிவிடும் காந்தத்தை நீக்குவது (டீமேக்னடைஸ்), பெல்ட் மாற்றுவது எல்லாம் நீங்கள் செய்வதுதான். எனக்கு ராத்தூக்கம் போனது, ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் அசிமத் ஸ்க்ரூவால். கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்கு டேப்பில் 5 மைக்ரான் இடம்கூடக் கிடைக்காது. ஹெட் துளி சாய்ந்தாலும் தந்தியின் கூர்மையும் சிம்பல் தட்டின் ஒலியும்தான் முதலில் காணாமல் போகும். குரல் பெரிதாகக் கெடாது. முன்னிசை செத்துக் கிடந்தாலும் பல்லவி வந்ததும் 'பரவாயில்லையே' என்று தோன்றுவது இதனால்தான். டெக்கை (கேசட் பிளேயரை), சரியான சாய்வில் பதிந்த டெஸ்ட் டேப் வைத்துத் துல்லியமாக நிறுத்தியும் பயனில்லை. கேசட்டைப் பதிந்து கொடுத்த கடைக்காரரின் டெக் எப்படிச் சாய்ந்திருந்ததோ, நம் ஹெட்டும் அப்படியே சாய வேண்டும். சில கேசட்டில் ஏ பக்கத்துக்கு ஒரு சாய்வு, பி பக்கத்துக்கு வேறு!

இரண்டு சேனலிலும் ஒரே ஒலி வரும் மோனோ பாட்டுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஒரு சேனலின் அலையைத் தலைகீழாக்கி இரண்டையும் கூட்டிக் கேட்டால், ஸ்க்ரூ சரியான இடத்துக்கு வரும்போது பாட்டு அடங்கி, இரைச்சல் மட்டும் மிஞ்சும். இதைக் குரல் வரும் இடத்தில் செய்யாதீர்கள், தவறான இடத்திலும் அடங்கியதுபோல் ஏமாற்றும். தாளம் விழும் இடத்தில் எல்லா அலைவரிசையும் ஒன்றாக வருவதால் ஏமாற்று நடக்காது. 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தின் 'அவளுக்கென்ன' பாட்டின் தொடக்கம் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. ஸ்டீரியோ என்றால் காதுதான் கதி. ஹெட்போனை மோனோவில் போட்டுக்கொண்டு, தந்தி மிகத் தெளிவாகக் கேட்கும்வரை ஸ்க்ரூ டிரைவரை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும்.

இன்னொரு வயிற்றெரிச்சல்: கேசட்டின் முதல் சில நொடிகள் வெறும் லீடர் டேப், அதில் எதுவும் பதியாது. அதைக் கையால் சுற்றிவிட்டுப் பதிய வேண்டும் என்றுகூடத் தெரியாதவர்கள் பதிந்த கேசட்டுகளில் முதல் பாட்டின் முன்னிசை பாதியில்தான் தொடங்குகிறது. எந்த ஸ்க்ரூவும் அதைத் திருப்பித் தராது. நாய்ஸ் ரிடக்‌ஷன் பக்கமும் நான் போவதில்லை. இரைச்சலோடு தந்தியில் விரல் உரசும் சத்தத்தையும் அது துடைத்துவிடுகிறது. உரசல் இல்லாத கிடார் எனக்கெதற்கு?

பிஞ்ச் ரோலர் (டேப்பை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை) வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆன்லைனில் எனக்கு வந்தது கல்போல் இறுகிய பழைய சரக்கு. ரப்பரில் நகம் பதிகிறதா என்று பார்க்காமல் மாட்டாதீர்கள்.

இன்னும் பாதிப் பெட்டி கேசட் பாக்கி. அதற்குள் மனசு நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய 78 ஆர்பிஎம் இசைத்தட்டுகளுக்குத் தாவிவிட்டது. எல்பி ஊசி அந்த அகலப் பள்ளத்தின் அடியில் போய் உரசும், அதனால் 3 மில் (அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி தேட வேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் என்பதால் முன்னிசையைச் சிக்கனமாகவே வைத்திருப்பார்கள். அந்தச் சில நொடிகளில் கீறல் விழாத தட்டு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.