மடக்கு நாற்காலி

மிலானில், நவிலியோ கிராந்தே கால்வாய் ஓரத்துப் பழம்பொருள் சந்தை. கடைக்காரர் ஒரு கையில் போன் பேசிக்கொண்டே, மறு கையால் அந்த நாற்காலியை மடக்கினார்.

'டக்'. அவ்வளவுதான்.

அதன் பெயர் பிளியா! இத்தாலிய வடிவமைப்பாளர் ஜான்கார்லோ பிரெத்தி 1967-இல் பொலோன்யா நகரத்துக் கஸ்தெல்லி நிறுவனத்துக்காக வடிவமைத்தது. குரோம் பூசிய எஃகுக் குழாய்ச் சட்டம், கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் இருக்கை.

நான் பார்த்துக்கொண்டே நின்றது, அது மடங்கும் மூட்டு இணைப்பைத்தான். பக்கத்துக்கு மூன்று உலோக வட்டுகள், ஒன்றோடொன்று ஒட்டி. முன்கால், பின்கால், இருக்கை மூன்றும் அதைச் சுற்றியே திரும்புகின்றன. மடக்கினால் சட்டத்தின் தடிமன் சுமார் 5 சென்டிமீட்டர். மூட்டு மட்டும் கொஞ்சம் புடைத்துத் தெரியும்.

வேறொருவர் என்றால் அந்த மூட்டை எப்படி மறைப்பது என்று யோசித்திருப்பார். பிரெத்தி அதையே முகமாக்கிவிட்டார். பளபளப்பும் சொகுசும் எனக்கு இரண்டாம்பட்சம், இந்தத் துணிச்சல்தான் பிடிக்கிறது.

லட்சக்கணக்கில் விற்ற நாற்காலி இது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் இருக்கிறது, சரி. அதற்காக வீட்டுச் சுவரில் மாட்டி விளக்குப் போடுவதெல்லாம் அநியாயம். நாலு பேர் கூடுதலாக வந்தால் எடுத்துப் போடத்தானே செய்தார்கள்?

உட்கார்ந்தும் பார்த்தேன். முதுகுக்கு இதம். வெயில் காலத்தில் அரைக்கால் சட்டையோடு மட்டும் உட்காராதீர்கள், தொடை ஒட்டிக்கொள்ளும்.