சம்பளப் பட்டியலில் ஏறிய துப்பாக்கிகள்

ஈராக்கில் இயங்கும் கதாயிப் ஹிஸ்புல்லா, அசாயிப் அஹ்ல் அல்-ஹக் போன்ற குழுக்களை 'ஈரானின் பினாமிப் படைகள்' என்று செய்திகளில் சொல்கிறார்கள். ஆயுதம், பயிற்சி, அரசியல் சார்பு ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் அது சரிதான். ஆனால் அந்தப் படையினருக்கு மாதச் சம்பளம் கொடுப்பது ஈரான் இல்லை, ஈராக் அரசு. பாக்தாதின் எண்ணெய் வருமானத்தில் இருந்துதான் அந்தப் பணம் போகிறது. இதைக் கவனிக்காமல் 'ஈரான் மீது தடை போட்டால் குழுக்கள் பட்டினியில் வாடிவிடும்' என்று பேசுவது வீண் பேச்சு.

இந்தக் குழுக்கள் எல்லாம் அடங்கிய கூட்டுப் படையின் பெயர் ஹஷ்த் அல்-ஷாபி, அதாவது 'மக்கள் திரள் படை'. 2023-ல் நிறைவேறிய ஈராக் பட்ஜெட்டில் அதற்கு ஏறத்தாழ 2,38,000 பணியிடங்கள் ஒதுக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அந்த எண்ணிக்கை சுமார் 1,22,000. ஐ.எஸ். அமைப்பை எதிர்க்கத்தான் இந்தப் படை தோன்றியது. அந்தப் போரில் வெற்றி பெற்றதாக ஈராக் அரசு அறிவித்தது 2017 டிசம்பரில். எதிரி ஒழிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகு படை இரட்டிப்பானது ஏன் என்பதுதான் யோசிக்க வேண்டிய கேள்வி.

2014 ஜூன் 10 அன்று வட ஈராக்கின் மோசுல் நகரம் ஐ.எஸ். வசம் வீழ்ந்தது. மூன்று நாள் கழித்து ஷியாக்களின் உயர்ந்த மதத் தலைவரான அலி அல்-சிஸ்தானியின் அழைப்பு கர்பலாவில் வெள்ளிக்கிழமைத் தொழுகையில் வாசிக்கப்பட்டது. ஆயுதம் ஏந்த முடிந்தவர்கள் அரசின் பாதுகாப்புப் படைகளில் சேருங்கள் என்பதே அதன் சாரம். ஆனால் அன்று ஈராக் ராணுவம் சிதறிக் கிடந்தது. அந்த ஆண்டு நவம்பரில் பிரதமர் ஹைதர் அல்-அபாதியே, ராணுவத்தின் சம்பளப் பட்டியலில் ஆளே இல்லாத 50,000 பெயர்கள் இருப்பதாக அறிவித்தார். வந்து குவிந்த தொண்டர்களைச் சேர்த்துக்கொள்ள அலுவலகம், பயிற்சி முகாம், போர் பார்த்த தளபதி எல்லாம் தயாராக வைத்திருந்தவை பழைய குழுக்கள்தான். ஈரான்-ஈராக் போர்க்காலத்தில் ஈரானில் உருவான பத்ர் அமைப்பும், 2003-க்குப் பிறகு அமெரிக்கப் படைகளோடு மோதி வளர்ந்த கதாயிப் ஹிஸ்புல்லாவும் அப்படித்தான் ஆள்பலம் பெற்றன. அரசுக்காக எழுந்த கூட்டத்தை அரசால் உள்ளே எடுத்துக்கொள்ள முடியவில்லை. பிற்பாடு வந்த சிக்கல் எல்லாம் இந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது.

2016 நவம்பர் 26-ல் நாடாளுமன்றம் 40-ஆம் எண் சட்டத்தை நிறைவேற்றி ஹஷ்தை அரசுப் படையாக்கியது. சுன்னி உறுப்பினர்கள் பலர் அமர்வைப் புறக்கணித்தார்கள். படையில் இருப்பவர்களுக்குக் கட்சித் தொடர்பு கூடாது, தலைமைத் தளபதியான பிரதமருக்கே படை கட்டுப்பட வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. நடந்தது வேறு. படைப்பிரிவுகளுக்கு எண் கொடுத்தார்கள். ஆட்களைக் கலைத்துப் போடவில்லை. கதாயிப் ஹிஸ்புல்லா 45, 46, 47-ஆம் பிரிவுகளாகவும், அசாயிப் 41, 42, 43-ஆம் பிரிவுகளாகவும், ஹரகத் அல்-நுஜபா 12-ஆம் பிரிவாகவும் ஆயின. அதே தளபதி, அதே ஆட்கள், அதே முகாம். தோளில் மட்டும் அரசு முத்திரை. ஒரு கிளர்ச்சிக் குழுவை ராணுவத்தில் இணைப்பதென்றால் வீரர்களைத் தனித்தனி ஆட்களாகப் பிரித்து வெவ்வேறு பிரிவுகளில் போட வேண்டும். கூட்டத்தோடு அப்படியே சேர்த்தால் குழுவுக்குச் சம்பளம் கிடைக்கிறது, அரசுக்குப் படை கிடைப்பதில்லை. 2018 மார்ச்சில் இவர்களின் சம்பளத்தையும் ராணுவத்தோடு சமப்படுத்தி ஆணை வந்தது.

சம்பளம் இவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக உள்ள தென் ஈராக்கில் ஒரு அரசுச் சம்பளம் என்பது ஒரு குடும்பத்தின் சோறு. யாரைச் சேர்ப்பது என்பதைத் தளபதி முடிவு செய்யும் வரை அந்த இளைஞனுக்கு வேலை கொடுத்தது அரசு அல்ல, தளபதிதான். தேர்தல் வந்தால் அந்த வீட்டின் வாக்கும் அந்தப் பக்கம் சாய்கிறது. 2018 தேர்தலில் பத்ர் தலைவர் ஹாதி அல்-அமிரி தலைமையில் இந்தக் குழுக்களின் கட்சிகள் சேர்ந்த ஃபத்தாஹ் கூட்டணி 329 இடங்களில் 48 பெற்று இரண்டாவதாக வந்தது. 2021-ல் அது 17-க்குச் சரிந்தது. அவர்களுக்குப் போட்டியான ஷியா மதத் தலைவர் முக்ததா அல்-சத்ர் அணி 73 இடங்களை வென்றது. சாதாரணக் கட்சி என்றால் கதை அங்கே முடிந்திருக்கும். இங்கே பாக்தாதில் அரசு அலுவலகங்களும் தூதரகங்களும் உள்ள பசுமை மண்டலத்தின் வாசலில் தோற்றவர்களின் ஆதரவாளர்கள் நடத்திய ஆர்ப்பாட்டம் வன்முறையாக மாறியது. 2021 நவம்பர் 7-ல் பிரதமர் முஸ்தஃபா அல்-காதிமியின் வீட்டை ட்ரோன்கள் தாக்கின. 2022 ஜூனில் சத்ர் தன் உறுப்பினர்களைப் பதவி விலகச் செய்தபோது காலியான இடங்களுக்குத் தேர்தலில் அடுத்த நிலையில் வந்தவர்கள் வந்தார்கள்; அவர்களில் பலர் இந்தக் குழுக்களின் அணியினர். அந்த அக்டோபரில் அமைந்த முகம்மது ஷியா அல்-சுதானி அரசில் உயர்கல்வி அமைச்சகம் அசாயிப் அணிக்குப் போனது. அடுத்த மாதமே ஹஷ்துக்கென்று 'முஹந்திஸ் பொது நிறுவனம்' என்ற அரசுக் கட்டுமான நிறுவனம், 100 பில்லியன் தினார் மூலதனத்தில். அதன்மீது அமெரிக்கா தடை விதித்தது 2025 அக்டோபரில்.

தேர்தலில் தோற்றாலும் பட்ஜெட்டில் தோற்காத அரசியல் சக்தி இப்படித்தான் உருவாகிறது.

பிராந்தியப் பாதுகாப்பு எப்படிக் குலைகிறது என்பதற்கு 2019 டிசம்பர் கடைசி வாரம் போதும். 27-ஆம் தேதி கிர்குக் அருகே அமெரிக்கப் படையினரும் தங்கியிருந்த கே-1 ராணுவத் தளத்தில் 30-க்கும் மேற்பட்ட ராக்கெட்டுகள் விழுந்து ஓர் அமெரிக்க ஒப்பந்தப் பணியாளர் இறந்தார். 29-ல் அமெரிக்க விமானங்கள் கதாயிப் ஹிஸ்புல்லாவின் தளங்களைத் தாக்கின. 31-ல் ஹஷ்த் ஆதரவாளர்கள் பாக்தாதின் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள் புகுந்தார்கள். ஜனவரி 3-ல் பாக்தாத் விமான நிலையம் அருகே அமெரிக்க ட்ரோன் தாக்குதலில் ஈரானின் தளபதி காசிம் சுலைமானியும், ஹஷ்தின் நிஜமான தலைவராக இருந்த அபு மஹ்தி அல்-முஹந்திஸும் கொல்லப்பட்டனர். 5-ஆம் தேதி ஈராக் நாடாளுமன்றம் வெளிநாட்டுப் படைகள் வெளியேற வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 8-ஆம் தேதி ஈராக்கில் அமெரிக்கப் படைகள் இருந்த ஐன் அல்-அசத் தளத்தை ஈரான் ஏவுகணைகளால் தாக்கியது; சில மணி நேரத்தில், பதற்றத்தில் இருந்த ஈரானின் சொந்த வான்பாதுகாப்புப் படை உக்ரைன் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. இறந்தவர்கள் 176 பேர். பதின்மூன்று நாளில் இரண்டு நாடுகள் போரின் விளிம்புக்கு வந்தன. இதில் பெரும்பகுதி தன் மண்ணில் நடந்தும், நாடாளுமன்றத் தீர்மானத்தைத் தவிர ஈராக் எதையும் முடிவு செய்யவில்லை.

பினாமியை வைத்திருப்பவனுக்கு 'நான் செய்யவில்லை' என்று சொல்லும் வசதி கிடைக்கிறது என்பார்கள். அந்த வசதி எப்போதும் உதவுவதில்லை. 2024 ஜனவரி 28-ல் ஜோர்டானில் உள்ள அமெரிக்க ராணுவத்தின் டவர் 22 தளத்தில் ட்ரோன் விழுந்து மூன்று அமெரிக்க வீரர்கள் இறந்தபோது, கதாயிப் ஹிஸ்புல்லா இரண்டே நாளில் தாக்குதலை நிறுத்துவதாக அறிவித்தது. ஈராக் அரசுக்குச் சங்கடம் வரக் கூடாது என்று காரணம் சொன்னது. அமெரிக்கர் மீதான தாக்குதல்களை ஈரானில் உள்ள தோழர்களே பலமுறை ஆட்சேபித்தார்கள் என்றும் அந்த அறிக்கையில் இருந்தது. எஜமானைக் காப்பாற்ற எழுதிய வரி என்று அதை ஒதுக்கிவிட நான் தயாராக இல்லை. சொந்த வருமானம், சொந்தத் தொகுதி, சொந்த அமைச்சர் வந்துவிட்ட குழுவுக்குச் சொந்தக் கணக்கும் இருக்கும். ஏவியவனே கட்டுப்படுத்த முடியாத நேரங்கள் வரும். அப்போதுதான் ஆபத்து அதிகம்.

யெமனில் ஈரான் ஆதரவு பெற்ற ஹூதிகள் இதே பாதையில் வெகுதூரம் போய்விட்டார்கள். 2023 நவம்பரில் தொடங்கிய செங்கடல் தாக்குதல்களால் சூயஸ் கால்வாயின் ஆண்டு வருமானம் சுமார் 10 பில்லியன் டாலரில் இருந்து 2024-ல் 4 பில்லியனாக விழுந்தது. ஐரோப்பா போகும் நம் ஊர்ச் சரக்குப் பெட்டிகளும் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பத்து நாளுக்கு மேல் கூடுதலாகப் பயணப்பட்டன.

ஈராக்கில் கட்டுப்படுத்த முயலவில்லை என்று சொல்ல முடியாது. 2019 ஜூலையில் பிரதமர் ஆதில் அப்துல் மஹ்தி, குழுப் பெயர்களை விட்டுவிடுங்கள், அலுவலகங்களையும் சோதனைச் சாவடிகளில் நடக்கும் வசூலையும் மூடுங்கள் என்று ஒரு மாதக் கெடு விதித்தார். கெடு கடந்தது, யாரும் தண்டிக்கப்படவில்லை. 2020 ஜூனில் சிறப்புப் படை பாக்தாதின் தோராவில் கதாயிப் ஹிஸ்புல்லா ஆட்களைப் பிடித்தது. சில நாளில் பெரும்பாலோர் வெளியே வந்து அப்போதைய பிரதமர் காதிமியின் படத்தை மிதித்தார்கள். அடுத்த வாரம், ஜூலை 6-ல், இந்தக் குழுக்களைத் துணிந்து ஆராய்ந்து பேசிவந்த ஹிஷாம் அல்-ஹாஷிமி வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 மே மாதம் அன்பாரின் ஹஷ்த் தளபதி காசிம் முஸ்லிஹ் கைதானபோது ஆயுத வாகனங்கள் பசுமை மண்டலத்துக்குள் நுழைந்தன. இரண்டு வாரத்தில் விடுதலை. பிடித்தவரைச் சிறையில் வைத்திருக்கும் பலம் இல்லாமல் கைது செய்தால், அந்தக் கைது குழுவுக்குத்தான் விளம்பரமாகிறது.

ஹஷ்த் முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதும் தவறு. சிஸ்தானிக்குக் கட்டுப்பட்ட புனிதத்தலப் படைகளான 2, 11, 26, 44-ஆம் பிரிவுகள் ஈரான் சார்புத் தளபதிகளோடு ஒத்துப்போகாமல் 2020-ல் பிரதமர் அலுவலகத்தின் கீழ் நேரடியாகப் போய்விட்டன. சுன்னி, கிறித்தவ, யஸீதிப் பிரிவுகளும் உள்ளன. எல்லாரையும் ஒன்றாகத் தடை செய்தால், விலகி நிற்பவர்களையும் அந்தப் பக்கமே தள்ளிவிடுவோம்.

ஆயுதத்தை எண்ணி வாங்கும் திட்டங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. ட்ரோனை ஒளித்து வைக்க ஒரு கொட்டகை போதும். முதலில் பெயர்ப் பட்டியலைத் தளபதியின் கையிலிருந்து எடுக்க வேண்டும்: கைரேகை சரிபார்த்து ஒவ்வொருவருக்கும் நேராக வங்கியில் சம்பளம், ஆள்சேர்ப்பும் பதவி உயர்வும் பாதுகாப்பு அமைச்சகத்திடம், பிரிவுகளைச் சொந்த ஊரிலிருந்து மாற்றுதல். பாக்தாதுக்குத் தெற்கே உள்ள ஜுர்ஃப் அல்-சக்ர் என்ற ஊர் இதற்கான சோதனைக் களம். 2014-ல் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட சுன்னி மக்கள் ஆண்டுக்கணக்காகியும் திரும்ப முடியவில்லை. கதாயிப் ஹிஸ்புல்லாவின் பிடியில் உள்ள அந்த ஊருக்குள் அரசு அதிகாரிகளே எளிதில் போக முடியாது.

2025 ஜூலை 27-ல் பாக்தாதின் வேளாண்துறை அலுவலகம் ஒன்றில் இயக்குநரை மாற்றியதற்காக 45, 46-ஆம் பிரிவு ஆட்கள் ஆயுதத்தோடு புகுந்து போலீசாரோடு மோதினார்கள், உயிர்கள் போயின. பிரதமர் சுதானி அந்த இரண்டு பிரிவுகளின் தளபதிகளையும் நீக்க உத்தரவிட்டார். ஹஷ்தின் அதிகாரத்தை இன்னும் விரிக்கும் சட்ட மசோதா, அமெரிக்க நெருக்கடியால் அடுத்த மாதம் நாடாளுமன்றத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது. மசோதா போனாலும் 2016-ன் சட்டம் அப்படியே இருக்கிறது, சம்பளப் பட்டியலும் அப்படியே இருக்கிறது.