ஆயில் முள் கீழே விழுந்த கதை

அண்ணா சாலை சிக்னலில் மே மாத மதியம் நின்றிருக்கிறீர்களா, அதுவும் ஏசி இல்லாத பழைய ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரில்? காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது 60 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு) காட்டின ஆயில் பிரஷர் முள், ஐடிலில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது) 8-க்கு இறங்கிவிட்டது. எனக்கு வேர்த்தது வெயிலால் இல்லை.

புதுப்பேட்டை மெக்கானிக் அண்ணன் பதறவேயில்லை. "பம்ப்பு ஆயிலைத் தள்ளத்தான் செய்யும் தம்பி. பிரஷர் வர்றது அது போற வழியோட இறுக்கத்துல" என்றார். ஹோஸ் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் பீய்ச்சுமே, அதேதான். இன்ஜினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினால் விரலை எடுத்த மாதிரி. சூட்டில் ஆயிலும் இளகிவிடும். இது தவிர, பிரஷர் அதிகமானால் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வில் தூசி சிக்கித் திறந்தே நின்றாலும் பிரஷர் நிற்காது.

ஆனால் அவர் முதலில் சந்தேகப்பட்டது முள்ளைத்தான். முள்ளுக்கு அளவு அனுப்பும் சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில், பிரஷரை நேராக அளக்கும் மெக்கானிக்கல் கேஜ் மாட்டினார். சூடான ஐடிலில் 18. 3000 ஆர்பிஎம்மில் 42. பழைய இன்ஜினுக்கு 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது தோராயக் கணக்கு (கம்பெனி மேனுவல்தான் கடைசி வார்த்தை). ஆக, பொய் சொன்னது சென்சார்!

"இன்னும் கெட்டி ஆயில் ஊத்திடலாமாண்ணே?" என்று கேட்டேன். "முள்ளு ஏறும். தேய்மானம் உள்ளேயேதான் இருக்கும்" என்றார். ஏற்கெனவே இருந்த 20டபிள்யூ-50 ஆயிலிலேயே விட்டுவிட்டோம்.

புது சென்சாரை விட ரெண்டு டீயும் சமோசாவும்தான் வேகமாக வந்தது. சென்சாருக்கு இன்னும் காத்திருக்கிறேன்.