பக்கத்து நாட்டுக்கு மாறுகிறோம்: சாஹேல் நாட்குறிப்பு

17 பிப்ரவரி 2022

சஹாரா பாலைவனத்தின் தெற்கு ஓரம்தான் சாஹேல். அங்கே ஜிஹாதிகளோடு சண்டை போட 2013இல் மாலிக்குப் போன பிரெஞ்சுப் படையைத் திரும்பப் பெறுவதாகப் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் இன்று அறிவித்துவிட்டார். அங்கிருக்கும் சுமார் 2,400 பேரும் வெளியேற நான்கு முதல் ஆறு மாதம் ஆகுமாம். போன மாதக் கடைசியில்தான் மாலியின் தலைநகர் பமாக்கோவில் இருக்கும் ராணுவ அரசு பிரெஞ்சுத் தூதரை 72 மணி நேரத்தில் நாட்டை விட்டுப் போகச் சொன்னது. அதற்குப் பிறகும் இதைத் தங்கள் முடிவு என்று பாரிஸ் சொல்லிக்கொள்கிறது. சொல்லிக்கொள்ளட்டும்.

2013 பிப்ரவரியில் அப்போதைய பிரெஞ்சு அதிபர் ஹொலாந்த் வடக்கு மாலியின் திம்புக்டு நகருக்குப் போனபோது ஜனங்கள் பிரெஞ்சுக் கொடி பிடித்து ஆடினார்கள். என் அரசியல் வாழ்க்கையிலேயே முக்கியமான நாள் என்றார் அவர். அன்றைக்குச் சண்டை மாலியின் வடக்கே இருந்தது. இப்போது நடு மாலி, புர்கினா பாசோ, நைஜரின் மேற்கு எல்லை என்று பரவிக் கிடக்கிறது. படை எங்கே போகப் போகிறது? பக்கத்து நாடான நைஜருக்கு.

22 ஏப்ரல் 2022

மாலியில் இருந்த பிரெஞ்சு முகாம்களில் ஒன்றான கோஸியைச் செவ்வாய்க்கிழமை மாலி ராணுவத்திடம் ஒப்படைத்தார்கள். அதற்குள் அங்கே ஒரு புதைகுழி, பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது என்று ட்விட்டரில் படங்கள். பதிலுக்குப் பிரெஞ்சு ராணுவம் தன் ட்ரோன் எடுத்த காட்சியை வெளியிட்டிருக்கிறது: வெள்ளைக்காரர்கள் சிலர் உடல்கள்மேல் மணலைத் தள்ளுகிறார்கள். மாலி அரசோடு சேர்ந்திருக்கும் ரஷ்ய வாக்னர் கூலிப்படையினர் என்கிறது பாரிஸ். இந்த விஷயத்தில் பாரிஸ் சொல்வதை நம்புகிறேன். ஆனால் இதே பிரெஞ்சு ராணுவம்தான் 2021 ஜனவரியில் மாலியின் பவுன்ட்டி கிராமத்தில் ஒரு கல்யாணக் கூட்டத்தின்மேல் குண்டு போட்டது. இறந்தவர்களில் 19 பேர் பொதுமக்கள் என்று ஐ.நா. விசாரித்துச் சொன்னது. பாரிஸ் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

15 ஆகஸ்ட் 2022

மாலியின் காவோ முகாமிலிருந்து கடைசி பிரெஞ்சு அணி இன்று பகலில் எல்லையைத் தாண்டி நைஜருக்குள் போய்விட்டது. ஒன்பதரை வருடம்.

சுமார் 4,000 கன்டெய்னர், ஆயிரம் வண்டி. இதையெல்லாம் பாலைவனச் சாலையில் நகர்த்தத்தான் இத்தனை மாதம். போன நவம்பரில் புர்கினாவின் கயா ஊரில் ஜனங்கள் ஒரு பிரெஞ்சு வாகன வரிசையை மறித்துக்கொண்டார்கள். அதே வரிசை நைஜரின் தேரா ஊருக்கு வந்தபோது கலவரமாகி மூன்று பேர் செத்தார்கள்.

எங்கள் எதிர்வீட்டுத் தாத்தா ஒரு சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர். அல்ஜீரியாவில் இருந்தவர். செய்தியைச் சொன்னேன். "போறப்ப முன்னாடி வண்டிக்கு பயமில்ல தம்பி, கடைசி வண்டிக்குத்தான்" என்றார்.

19 பிப்ரவரி 2023

புர்கினாவிலும் முடிந்தது. ஜனவரியில் அங்குள்ள அரசு ஒரு மாதக் கெடு கொடுத்தது. தலைநகர் வாகாடுகுக்கு வெளியே இருந்த சுமார் 400 பேர் கொண்ட பிரெஞ்சுச் சிறப்புப் படை கொடியை இறக்கிவிட்டது.

25 செப்டம்பர் 2023

நைஜரும் போச்சு. ஜூலை 26 அன்று அதிபர் பஸூமை அவருடைய காவல் படையே பிடித்து வைத்தது. ஆட்சியைப் பிடித்தவர்கள் பிரெஞ்சுத் தூதரைப் போகச் சொன்னார்கள். அந்த ஆட்களை அரசாகவே ஏற்கவில்லை என்று பாரிஸ் அடம்பிடித்தது. தூதரகத்துக்குள் அவர் ராணுவ ரேஷனைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று பத்து நாள் முன்பு மக்ரோனே சொன்னார். நேற்றிரவு தொலைக்காட்சியில் இறங்கி வந்துவிட்டார்: தூதரும் வருவார், 1,500 வீரர்களும் வருட முடிவுக்குள் வெளியேறுவார்கள்.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். மாலியில் போன வருடம் மௌராவில் மாலி ராணுவமும் கூட வந்த வெளிநாட்டவர்களும் குறைந்தது 500 பேரைக் கொன்றதாக ஐ.நா. அறிக்கை மே மாதம் வந்தது. தூதர் என்ன சாப்பிடுகிறார் என்பதற்குக் கிடைத்த இடத்தில் கால்வாசிகூட அதற்குக் கிடைக்கவில்லை.

23 டிசம்பர் 2023

நைஜரில் கடைசி ஆள் நேற்று கிளம்பினார். பெனின் பக்க எல்லை மூடியிருந்ததால் வண்டிகள் கிழக்கே சாட் வரை ஓடின. ஆக அடுத்த பக்கத்து நாடு சாட்.

29 நவம்பர் 2024

பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் வந்துவிட்டுப் போன சில மணி நேரத்தில் சாட், பிரான்சுடனான பாதுகாப்பு ஒப்பந்தம் ரத்து என்று அறிவித்திருக்கிறது. அதே நாளில் செனகல் அதிபரும் தன் நாட்டில் அந்நிய ராணுவத் தளம் வேண்டாம் என்கிறார். எழுத எழுத எனக்கே அலுக்கிறது.

10 ஜனவரி 2025

பிரெஞ்சுப் படை வந்து காப்பாற்றியதற்கு நன்றி சொல்ல மறந்துவிட்டார்கள் என்று ஆப்பிரிக்கத் தலைவர்களை மக்ரோன் திங்களன்று குத்திக் காட்டினார். புதன்கிழமை பெனினின் வடக்கே, புர்கினா, நைஜர் எல்லைகள் சந்திக்கும் இடத்தில் ஜிஹாதிகள் தாக்கியதில் சுமார் 30 வீரர்கள் பலி. 2013இல் பெனினில் இந்தப் போரே கிடையாது.

18 ஜூலை 2025

பிரெஞ்சுப் படை சாட்டிலிருந்து ஜனவரியில் வெளியேறியது, ஐவரி கோஸ்ட்டில் பிப்ரவரியில் முகாமை ஒப்படைத்தது. நேற்று செனகல் தலைநகர் டக்காரின் ழெய் முகாமும் கைமாறியது. மேற்கு ஆப்பிரிக்காவில் பிரான்சுக்கு இனி நிரந்தர முகாம் எதுவும் இல்லை.

8 நவம்பர் 2025

அல்-காய்தாவைச் சேர்ந்த ஜேஎன்ஐஎம் என்ற ஜிஹாதிக் குழு, செப்டம்பரிலிருந்து பமாக்கோவுக்கு வரும் டேங்கர்களை எரிக்கிறது. பெட்ரோல் இல்லாமல் மாலி முழுக்கப் பள்ளிகளை இரண்டு வாரம் மூடிவிட்டார்கள். பிரெஞ்சுப் படைக்குப் பதிலாக வந்த ரஷ்யர்களாலும் சாலையைத் திறந்து வைக்க முடியவில்லை. பயணிகள் விமானம் ஓடும்போதே கிளம்பிவிடுங்கள் என்று மாலியில் இருக்கும் தன் குடிமக்களுக்குப் பிரான்ஸ் நேற்று சொல்லியிருக்கிறது. பமாக்கோக்காரர்கள் ஜெர்ரி கேனோடு வரிசையில் நிற்கிறார்கள்.