எண்ணும் இடத்தில் நிற்பதற்கான போராட்டம்: கிழக்குத் திமோரில் தேர்தல் பார்வையாளராக இருந்த அனுபவம்

கிழக்குத் திமோரில் 2017 ஜூலை 22 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலின்போது, அந்நாட்டுக் குடிமக்கள் கண்காணிப்புக் குழு ஒன்றுக்குத் துணையாக வெளிநாட்டுப் பார்வையாளர் என்ற முறையில் சென்றிருந்தேன். 2002இல் விடுதலை பெற்ற அந்த நாட்டிலிருந்து ஐ.நா. பணிக்குழு 2012 இறுதியில் வெளியேறியது. அதன் பிறகு தேசிய அளவிலான தேர்தல் நடந்த முதல் ஆண்டு 2017தான். இத்தகைய பணிக்குச் செல்ல எண்ணும் நம்மவர்களுக்கு, எந்தெந்த இடங்களில் தடங்கல் வரும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதல் தடங்கல் பெயரிலேயே வந்தது. நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் அந்தக் கட்டத்தில் ஏறிவிடுகிறது. எனக்கு அடித்துக் கொடுத்த பார்வையாளர் அடையாள அட்டையில் தந்தையின் பெயர் மட்டுமே இருந்தது. கடவுச்சீட்டையும் அட்டையையும் அருகருகே வைத்துக் காட்டியும், மேலதிகாரி வந்தால்தான் திருத்த முடியும் என்று எழுத்தர் கைவிரித்துவிட்டார். மேலதிகாரியோ மாவட்டப் பயணத்தில் இருந்தார். கண்காணிப்புக் குழுவின் ஒருங்கிணைப்பாளர், இரண்டு பெயர்களும் ஒரே ஆளுக்குரியவை என்று குழுவின் கடிதத்தாளில் எழுதி முத்திரையிட்டுக் கொடுத்த பிறகுதான் புதிய அட்டை கிடைத்தது. விண்ணப்பத்தோடு சேர்த்தே அப்படியொரு கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள், அலைச்சல் மிச்சம்.

பயிற்சியும் பயணமும் குறையின்றி முடிந்தன. எர்மேரா மாவட்டத்தின் மலைச் சாலைகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு நாள் ஒதுக்கிக்கொள்வது நல்லது. வாக்குப்பதிவும் அமைதியாகவே நடந்தது; காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் மூன்று மணிக்கு நிறைவுற்றது.

சிக்கல் அதன் பிறகுதான் வந்தது. அந்நாட்டில் வாக்குகளை வாக்களித்த இடத்திலேயே எண்ணுகிறார்கள் என்பதால், பார்வையாளரின் உண்மையான வேலை கதவு அடைபட்ட பின்னரே தொடங்குகிறது. நாங்கள் இருந்த சாவடியின் தலைமை அலுவலரோ, கட்சி முகவர்கள் உள்ளே இருக்கலாம், பார்வையாளர்கள் வெளியே சென்று சன்னல் வழியாகப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். சன்னலுக்கும் மேசைக்கும் இடையே ஒரு வகுப்பறையின் முழு நீளம். அங்கிருந்து ஒரு வாக்குச்சீட்டையும் அடையாளம் காண முடியாது. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்ற உள்ளூர் இளைஞர்களை அப்படி வெளியேற்றியதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

எங்கள் குழுவில் இருந்த இளம் ஆசிரியை ஒருவர்தான் நிலைமையைச் சரிசெய்தார். அவர் குரலை உயர்த்தவில்லை. பார்வையாளர் விதிமுறைகளின் அச்சுப் பிரதியைப் பையிலிருந்து எடுத்து, எண்ணிக்கையின்போது உடனிருக்கலாம் என்று கூறும் பத்தியில் விரலை வைத்து, 'ஐயா, இதை ஒருமுறை படித்துப் பாருங்கள். நாங்கள் வாய் திறக்க மாட்டோம்' என்று மட்டும் சொன்னார். அலுவலர் படித்தார், யாரிடமோ தொலைபேசியில் பேசினார், பிறகு மேசையிலிருந்து சில அடி தள்ளி எங்களுக்கு இடம் விட்டார். விதிமுறைகளைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால் இது நடந்திருக்காது. மலைப்பகுதியில் மின்சாரத்தையோ இணைய இணைப்பையோ நம்ப முடியாது. உள்ளூர் மொழியில் அச்சிட்ட தாள் கையில் இருக்க வேண்டும்.

அங்கு வாக்காளர்கள் சீட்டில் பேனாவால் குறியிடலாம் அல்லது ஆணியால் துளையிடலாம். ஒவ்வொரு சீட்டையும் விரித்து, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார்கள். துளையிட்ட சீட்டுகளில் அந்தச் சிறு ஓட்டை வழியே வெளிச்சம் தெரிந்தது. இருபத்தொரு கட்சிகள் போட்டியிட்டதால் கட்டங்கள் நெருக்கமாக இருந்தன. ஒரு சீட்டில் துளை கோட்டின் மேலேயே விழுந்திருந்தது. முகவர்கள் வாதிட்டார்கள், நாங்கள் நேரத்தையும் முடிவையும் குறித்துக்கொண்டோம். பார்வையாளர் அங்கே கருத்துச் சொல்லத் தொடங்கினால் அடுத்த கணமே நடுநிலை போய்விடும்.

இறுதியில், வாக்களித்தவர்களின் எண்ணிக்கையைவிடச் சீட்டுகள் ஒன்று குறைவாக வந்தன. அறை பரபரத்தது. மீண்டும் எண்ணியபோது, இறுக்கமாக மடித்திருந்த ஒரு சீட்டுக்குள் மற்றொன்று செருகிக்கொண்டிருந்தது தெரிந்தது. முகவர்கள் கையொப்பமிட்டார்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அந்தக் கணக்கு நேரானதில் எங்களுக்கு உண்டான நிம்மதி கொஞ்சமல்ல. அந்தத் தேர்தலில் முதலிரண்டு கட்சிகளுக்கும் நாடு முழுவதிலுமான வித்தியாசம் 1,200 வாக்குகளுக்கும் குறைவு. நாடாளுமன்றத்தில் அவற்றுக்குக் கிடைத்த இடங்கள் 23, 22. அப்படிப்பட்ட போட்டியில் ஒரு சாவடியின் முடிவுத்தாள் மீது ஐயம் எழுந்தால் அது எங்கே போய் முடியும் என்று யாரால் சொல்ல முடியும்?

இன்னும் சில எச்சரிக்கைகள். முடிவுத்தாளின் எண்களை உடனே உங்கள் படிவத்தில் எழுதி, உடன் வந்தவரிடம் ஒப்பிட்டுக் கையொப்பம் வாங்குங்கள். கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும் மேட்டுப்பகுதி எது என்று முந்தைய நாளே உள்ளூர்க்காரர்களிடம் கேட்டு வையுங்கள்; நாங்கள் இருட்டில் தேடி ஏற வேண்டியதாயிற்று. அறிக்கையில் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: எங்களை வெளியே அனுப்பிய நேரம், உள்ளே அனுமதித்த நேரம், இடையில் எண்ணிக்கை தொடங்கவில்லை என்ற குறிப்பு. குடிமக்கள் கண்காணிப்புக்கான உலகளாவிய கோட்பாடுகள் 2012 ஏப்ரலில் ஐ.நா.வில் வெளியிடப்பட்டுள்ளன. அவற்றை முன்கூட்டியே படித்துச் செல்லுங்கள். அலுவலர் கேட்கும் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்ல அது எங்களுக்கு மிகவும் உதவியது.